மிராசு பயில்வானின் முதுகு

டிவியில் குஸ்தி ஓடும்போது நம் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஒரு சிரிப்பு சிரிக்கிறீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். “எல்லாம் செட்டப்புடா, முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு விழறானுங்க” என்று பிள்ளைகளுக்கு ரகசியம் சொல்கிறீர்கள். பெரிய கண்டுபிடிப்பு! அது எனக்கு மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே தெரியும். யாரும் சொல்லித் தெரியவில்லை, என் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன கிழித்தாய் என்று கேட்டால் ஒன்றும் கிழிக்கவில்லை. அதனால்தான் உங்கள் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் கால் வந்து பிறந்த பிள்ளை மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை, உங்களுக்குத் தெரியாததில்லை. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில், கூலிக்காரர்கள் தெருவில், எனக்குப் பெயரே தேவைப்படவில்லை. “காலால பொறந்தவளக் கூப்பிடு” என்றால் நான்தான். நடவு நட்டு இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், மூட்டை தூக்கி முதுகு விட்டுப்போனவர்கள் எல்லோரும் எங்கள் வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். அம்மா குனிந்து என் வலது காலில் கிடக்கும் பித்தளைத் தண்டையைக் கழற்றி மடியில் செருகிக்கொள்வாள். நான் நடு முதுகில் பாதத்தை வைத்து மேலிருந்து கீழே மூன்று முறை நீவுவேன். அவ்வளவுதான் வைத்தியம். இதற்குக் கூலி வாங்கக்கூடாது, வாங்கினால் பலிக்காது என்பார்கள். வெல்லக்கட்டி கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

பண்ணையார் முதுகையும் நான் மிதித்திருக்கிறேன். நம்ப மாட்டீர்கள். அவர் வீட்டுத் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலம் அது. ஒருநாள் அவருடைய காரியக்காரர் கொல்லைப்புறமாக வந்து அம்மாவிடம் குசுகுசுவென்று ஏதோ சொல்லி என்னைக் கூட்டிப் போனார். மாட்டுக் கொட்டிலில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் பண்ணையார் குப்புறக் கிடந்தார். வெள்ளை வெளேரென்று ஒரு முதுகு. கால் வைத்தால் மெத்தென்று அமுங்கியது. “வெளில மூச்சு விட்டே, தோல உரிச்சுடுவேன்” என்றார் காரியக்காரர். முடிந்ததும் பண்ணையார் எழுந்து நேரே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார். எனக்கு ஒரு பூவன்பழத்தைத் தூரத்தில் தரையில் வைத்தார்கள். வழியில் அம்மா அதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிட்டாள். எனக்கு அந்தப் பழம் போனதுதான் அன்றைக்கெல்லாம் துக்கமாக இருந்தது.

நான் சொல்ல வந்தது ஒரு தை மாதத்தைப் பற்றி. பட்டணத்தில் ஆட்சி மாறியிருந்த சமயம். “நம்ம ஆளுங்க கோட்டையில உக்காந்துட்டாங்க, இனிமே எவன் நம்ம மேல கைய வைப்பான்” என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்கள் அப்பா சங்கத்து ஆள். தெருமுனையில் சிவப்புக் கொடியை நட்டது அவர்தான். அறுப்புக் கூலியில் கலத்துக்கு அரைப் படி நெல் கூடக் கேட்டார்கள். அரைப் படி! ஊரில் மற்ற சின்னப் பண்ணைகள் முனகிக்கொண்டே கொடுத்துவிட்டன. எங்கள் பண்ணையார் மட்டும், “வெளியூர் ஆள எறக்கி அறுத்துக்கறேன், நீங்க உங்க கொடியத் தின்னுங்கடா” என்று சொல்லிவிட்டார்.

வெளியூர் ஆள் என்றால் அரிவாளோடு அறுக்கிறவர்கள் மட்டும் வரமாட்டார்கள். கூடவே லாரியில் அடியாட்கள் வருவார்கள். பக்கத்து ஊரில் அப்படி வந்தபோது சங்கத்துக்காரர் ஒருவரை வயலிலேயே அடித்துப் போட்டார்கள், அவர் பிழைக்கவில்லை. அம்மா தினமும் அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள், பிறகு அடுப்படிக்குப் போய்விடுவாள். அறுப்பு அன்றைக்கு அப்பாவுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு வேண்டுதலே கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் குஸ்திக் கம்பெனி வந்து இறங்கியது. கோயில் திடலில் ஒட்டுப்போட்ட கூடாரம். நடுவில் பலகை மேடை, சுற்றிலும் கயிறு. மாட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராக ரோஸ் கலர் நோட்டீஸ் வீசினார்கள். டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்கள் நெல் கொடுக்கலாம் என்றார்கள். வாசலில் நெல் அளக்கிற மரக்காலோடு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். அறுப்புக் கூலி நெல்லை முந்தானையில் முடிந்துகொண்டு போய் அதில் கொட்டிவிட்டு உள்ளே போகலாம். அந்த மரக்காலில் விழும் நெல்லின் சத்தமும், உள்ளே பெட்ரோமாக்ஸ் விளக்கின் உஸ்ஸென்ற இரைச்சலும், பயில்வான்கள் பூசியிருந்த நல்லெண்ணெய் வாசனையும் இப்போதும் எனக்கு அப்படியே இருக்கிறது. சந்தோஷமாகச் சொல்லவில்லை. இருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் நாட்களில் கூட்டமே இல்லை. அவர்கள் போட்டது நிஜ குஸ்தி. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கிடந்தார்கள், கிடந்தார்கள், கிடந்துகொண்டே இருந்தார்கள். “என்னடா இது, ரெண்டு எரும சேத்துல படுத்த மாதிரி” என்று ஜனம் எழுந்து வந்துவிட்டது. கம்பெனிக்காரர் பலே ஆள். மறுநாளே டீக்கடையில் போய் உட்கார்ந்து ஊர்ப் பேச்சைக் கேட்டார். யாருக்கு யார் மேல் கோபம் என்று தெரிந்துகொண்டார். அடுத்த ஆட்டத்துக்குள் ஒரு பயில்வானுக்குச் சரிகை வேட்டி, தலைப்பாகை, கையில் சாட்டை. மற்றவருக்கு இடுப்பில் ஒரு சிவப்புத் துண்டு. ஒலிபெருக்கியில், “மிராசு பயில்வானா, உழைப்பாளி பயில்வானா? வந்து பாருங்கள்!” என்று அலறினார்கள். போதாதா எங்கள் ஜனத்துக்கு? கூடாரம் பிதுங்கியது.

ஆட்டம் எப்படியென்றால், முதலில் மிராசு பயில்வான் நடந்து வருவார். அந்த நடை! வயிற்றை முன்னால் தள்ளி, பாதத்தை அகட்டி வைத்து, யாரையும் பார்க்காமல் எல்லோரையும் பார்க்கிற நடை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் தங்களையும் அறியாமல் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள், நான் பார்த்தேன். அவர் சாட்டையைச் சொடுக்குவார். ஒரு செம்பில் சாணியைக் கரைத்துக் கொண்டுவந்து உழைப்பாளி பயில்வானின் வாயில் ஊற்றப் போவார். எங்கள் பக்கம் பண்ணைகளில் அப்பன் பாட்டன் காலத்தில் கொடுத்த தண்டனை அது, சாட்டையடியும் சாணிப்பாலும். கூடாரமே “அய்யோ” என்று அலறும். கடைசி நேரத்தில் உழைப்பாளி பயில்வான் துள்ளி எழுந்து செம்பைத் தட்டிப் பறித்து, அந்தச் சாணித் தண்ணீரை மிராசு பயில்வான் தலையிலேயே கொட்டுவார். அப்புறம் தூக்கி ஒரே அடி. பலகையில் படாரென்று சத்தம். மிராசு பயில்வான் கை காலை விரித்துக்கொண்டு கிடப்பார். நடுவர் எண்ணி முடித்ததும் மெதுவாக எழுந்து, தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு, சாபம் விட்டபடி போவார்.

சிரித்தே நான் பார்த்திராத எங்கள் அப்பா தரையிலிருந்து எழுந்து நின்று கை தட்டினார். கண்ணில் தண்ணீர். தினமும் போனார். அப்பா முட்டாள் இல்லை, நீங்கள் அப்படி நினைத்துவிடக்கூடாது. தாசில்தாரிடம் நேருக்கு நேர் நின்று குத்தகைச் சட்டம் பேசிய ஆள். ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு மிராசு கீழே விழுந்து அவர் பார்த்ததே இல்லை. பார்த்ததும் நம்பிவிட்டார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

தெருவில் உழைப்பாளி பயில்வானுக்கு டீக்கடையில் டீ இலவசம். மிராசு பயில்வானுக்குக் காசு கொடுத்தாலும் டீ கிடையாது. நடந்து போனால் பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். பெரியவர்கள் தடுக்கவில்லை. அதனால்தான் அவர் விடிந்தும் விடியாமலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

“காலால பொறந்த பாப்பா இங்கதானுங்களா?” என்று கேட்டார். அம்மாவுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. தெருவை இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, “படுங்க” என்றாள்.

சட்டையைக் கழற்றினார். அம்மா “அடப்பாவி” என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். முதுகு முழுக்கக் கன்றிப் போயிருந்தது. பழைய கன்றல் பச்சையும் மஞ்சளுமாக, புதுசு கருநீலமாக. நான் பாதத்தை வைத்தேன். கல்லும் கட்டியுமான உழவுக்காடு மாதிரி இருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் அவர் உடம்பு ஒரு தடவை இறுகித் தளர்ந்தது. சத்தம் போடவில்லை. சாணி வாசனை மட்டும் லேசாக வந்தது.

“நெஜ சாணியா ஊத்துறாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“மொதல்ல செம்மண்ணுதான் கரைச்சோம் தங்கச்சி. வாசன வரலன்னு ஜனம் சத்தம் போட்டுச்சு. அதான்.”

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். குப்புறக் கிடந்தபடியே தரையைப் பார்த்துப் பேசுவார். நன்னிலம் பக்கத்து ஊர். அவருடைய அப்பா ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். சின்ன வயதில் ஊரை விட்டு ஓடித் தஞ்சாவூரில் குஸ்தி பழகும் ஒரு கோதாவில் சேர்ந்திருக்கிறார். மண்ணைச் சலித்து, எண்ணெய் விட்டுப் பிசைந்து, அதில் புரண்டு கற்றுக்கொண்ட வித்தை. “அப்பல்லாம் குஸ்தின்னா குஸ்தி. ஜெயிச்சா ஜெயிச்சதுதான், தோத்தா தோத்ததுதான். ஆனா பாக்கத்தான் ஆளில்ல. அப்புறம் பட்டணத்துக்கு வெளிநாட்டுக்காரனுங்க வந்தானுங்க. கயிறு கட்டி, பலகை போட்டு, பல்ல நறநறன்னு கடிச்சு ஆட்டம் காட்டுனானுங்க. ஜனம் அங்க போயிருச்சு. எங்க கம்பெனி ஆளு சொன்னாரு, டேய், ஜெயிக்கிறதுக்கு ஆயிரம் பேரு இருக்கான், நல்லா விழறதுக்குத்தான்டா ஆளில்லன்னாரு. நான் விழக் கத்துக்கிட்டேன்.”

“விழறதுல என்ன இருக்கு?” என்று நான் கேட்டேன். மேலே நின்றுகொண்டுதான்.

“எல்லாம் அதுலதான் பாப்பா இருக்கு. விழப் போறோம்னு தெரிஞ்சதும் மூச்ச வெளில விட்ரணும். தாடைய நெஞ்சுல ஒட்டிக்கணும். ரெண்டு கையாலயும் பலகைய ஓங்கி அறையணும். அந்தப் படார்தான் உசிரக் காப்பாத்தும்.”

“தெரியாம விழுந்துட்டா?”

“தெரியாம நான் விழுந்ததே இல்ல” என்று சிரித்தார். அவர் முதுகு குலுங்கியதில் நான் தடுமாறி அம்மா தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நடையை எங்கே கற்றுக்கொண்டார் என்று அம்மா ஒருநாள் கேட்டாள். “எங்கப்பாவுக்குச் சாணிப்பால் குடுத்த அன்னிக்கு அந்த மிராசு எங்க முன்னாடி மேலயும் கீழயும் நடந்துக்கிட்டே இருந்தாரு தங்கச்சி. அப்பா மொகத்தப் பாக்க முடியல. அவரு காலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார். அம்மா உள்ளே போய் நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் தெருவில் அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

உழைப்பாளி பயில்வானும் ஒருநாள் வந்தார். பட்டப்பகலில், பின்னால் பத்துப் பிள்ளைகள் சூழ. அழகான ஆள். படுத்தார். நான் கால் வைத்ததும் “அம்மாடி, மெதுவா, மெதுவா!” என்று கத்தினார். ஒரு கீறல் இல்லை அந்த முதுகில். மெத்தென்று அமுங்கியது. அப்படி ஒரு முதுகு எனக்கு முன்னமே தெரியும், மாட்டுக் கொட்டிலில்.

அன்றைக்கு அப்பா வீட்டில் இருந்தார். அறுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. உழைப்பாளி பயில்வான் எழுந்து சட்டையைப் போட்டதும் அப்பா கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றார். என் அப்பா கையைக் கட்டி நின்று பார்த்தது அதுதான் எனக்கு முதல் தடவை.

“பயில்வான், எங்க ஜனத்துக்கு நீங்க ஒரு ஒதவி செய்யணும். அறுப்பு அன்னிக்கு வெளியூர் அடியாளுங்க வருவானுங்க. நீங்க அடிக்க வேணாம், ஒண்ணும் வேணாம். எங்களோட வந்து வயல்ல நின்னாப் போதும். ஒங்களப் பாத்தாலே அவனுங்க ஓடிடுவானுங்க.”

“அட, இது என்ன அண்ணே பெரிய விஷயம்? நான் இருக்கேன்ல. கவலய விடுங்க” என்று அப்பாவின் தோளைத் தட்டினார். தெருவே ஆரவாரம் செய்தது. அம்மா மட்டும் என் தண்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

அந்த ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். “அப்பா, அவரு முதுகுல ஒண்ணுமே இல்லப்பா. மிராசு பயில்வான் முதுகுதான் கல்லு மாதிரி இருக்கு. அவரு விழறதாலதான் இவரு ஜெயிக்கிறாரு.” அப்பா சிரித்துக்கொண்டே என் தலையைத் தடவினார். “அடிச்சவன் முதுகுல ஏம்மா காயம் இருக்கும்? அடி வாங்குனவன் முதுகுலதான் இருக்கும்.” எவ்வளவு சரியான பேச்சு பாருங்கள்! இன்றைக்கு யோசித்தாலும் அதில் ஒரு தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அறுப்புக்கு முந்தின நாள் டீக்கடை வாசலில் மிராசு பயில்வான் அப்பாவைத் தேடி வந்தார். அம்மாவோடு கடைக்குப் போன நானும் அங்கே இருந்தேன். துண்டு போட்டு மறைக்காமல் நேரே வந்து எல்லோர் முன்னாலும் நின்றார்.

“அண்ணே, பண்ணையார் ஆள் விட்டு எங்க கம்பெனிக்காரர மெரட்டிட்டாரு. நாளைக்கு வெள்ளனக் கூடாரத்தப் பிரிக்கிறோம். ஒங்க உழைப்பாளி பயில்வான் லாரியில மொத ஆளா ஏறிடுவான். அவன நம்பி வயல்ல நிக்காதீங்கண்ணே.”

“நீ யாருய்யா அதச் சொல்ல?” என்றார் அப்பா. “மிராசு வேஷம் போட்டுப் போட்டு புத்தியும் அப்படியே ஆயிருச்சா? பண்ணையார் ஒனக்கு எவ்வளவு குடுத்தாரு?”

மிராசு பயில்வான் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாக, “அப்ப அவனுக்குப் பதிலா நான் வர்றேண்ணே” என்றார்.

“நீ எந்தப் பக்கம் வருவ?”

கடையே வெடித்துச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். யாரோ ஒருவன் டம்ளரில் இருந்த டீ மண்டியை அவர் மேல் வீசினான். அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, திரும்பிப் போய்விட்டார். அன்று ராத்திரி அம்மா, “அந்தாளு பொய் சொல்ற மூஞ்சி இல்ல” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். “ஒனக்கு எல்லாரும் நல்லவன்தான்” என்றார் அப்பா.

விடிந்ததும் எங்கள் ஆண்கள் எல்லோரும் பண்ணையார் வயலில் போய் நின்றார்கள். கையில் அரிவாளும் கம்பும். பெண்களும் பிள்ளைகளும் வாய்க்கால் கரையில். பனி விலகவில்லை. நெற்கதிர் நனைந்து தலை கவிழ்ந்திருந்தது. எல்லோரும் திரும்பித் திரும்பித் திடல் பக்கமே பார்த்தார்கள். திடலில் கூடாரம் இல்லை. குச்சி நட்ட குழிகளும் காலில் மிதிபட்ட நோட்டீஸ்களும்தான் இருந்தன. கம்பெனி லாரி கூத்தாநல்லூர் ரோட்டில் போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்று ஒரு பையன் ஓடிவந்து சொன்னான். அப்பா அவனை நம்பவில்லை. “வருவாருடா. வர்றேன்னு சொன்னவரு” என்றார். குரல் மட்டும் மாறியிருந்தது.

பிறகு ரோட்டில் வேறொரு லாரி வந்து நின்றது. அடியாட்கள் குதித்து இறங்கினார்கள். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு விரல் மரத்துப்போனது.

அப்போது தென்னந்தோப்புக்குள்ளிருந்து மிராசு பயில்வான் வந்தார். தனியாக. சரிகை வேட்டி, தலைப்பாகை, கையில் சாட்டை. அந்த நடை. யாரையும் பார்க்காமல் நேரே போய் அந்த அடியாட்களுக்கு முன்னால் நின்றார். சாட்டையை நீட்டி நீட்டி என்னவோ உத்தரவு போட்டார். எட்டத்தில் இருந்த எங்களுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அந்தத் தடியன்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவது மட்டும் தெரிந்தது.

“துரோகிப் பய. நேத்தே சொன்னேன்ல, பண்ணையார் ஆளுன்னு” என்று யாரோ சொன்னார்கள்.

பிறகு அவர் திரும்பி எங்கள் ஆட்களைப் பார்த்து ஓடிவந்தார். நடை போய்விட்டது, வரப்பில் தாவித் தாவி ஓடிவந்தார். சாட்டையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே வாய் நிறைய என்னவோ கத்தினார். அவர் பின்னால் பனிக்குள் அடியாட்கள் கூட்டம் அசைந்தது. எந்தப் பக்கம் அசைகிறது என்று யாரும் நின்று பார்க்கவில்லை. அப்பா முன்னால் போனார். கம்பை இரண்டு கையாலும் ஓங்கினார். ஒரே அடி, கழுத்துக்கும் காதுக்கும் நடுவில்.

அவர் கை காலை விரித்துக்கொண்டு குப்புற விழுந்தார். மல்லாந்து விழாததைத் தவிர, கூடாரத்தில் விழுகிற மாதிரியேதான். வாய்க்கால் கரையில் பிள்ளைகள் கை தட்டினார்கள். சில பெண்களும் தட்டினார்கள். “விழுந்தான்டி மிராசு!” என்று ஒருத்தி குலவையிட்டாள். எனக்கு மட்டும் ஒன்று குறைந்தது. அவர் கை தரையை அறையவில்லை. படார் கேட்கவில்லை.

அவர் அந்த அடியாட்களிடம் என்ன சொன்னார் என்பது கோர்ட்டில்தான் எங்களுக்குத் தெரிந்தது. லாரி டிரைவர் சாட்சி சொன்னான். “நான் பண்ணையாரோட தம்பி. கூலி பேசி ராசியாயிடுச்சு, ஒங்களுக்கு இங்க வேல இல்ல, ஏறிப் போங்கடான்னு வெரட்டுனாருங்க. பாத்தா நெஜ மிராசு மாதிரியே இருந்தாரு. நாங்க பயந்துபோயி வண்டியில ஏறிக்கிட்டிருந்தோம்.” பண்ணையாரை அதற்கு முன் பார்த்திராத அசலூர் ஆட்கள் அவர்கள். அந்த நடையை நம்பிவிட்டார்கள். அவர் ஜெயித்துவிட்டார் ஐயா! வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டு அதை எங்களிடம் சொல்லத்தான் ஓடிவந்தார்.

பண்ணையாரும் அதே கோர்ட்டில் கூண்டில் ஏறி, “ஒரு கலைஞன அநியாயமாக் கொன்னுட்டானுங்க” என்று மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறுப்பு, போலீஸ் காவலோடு வெளியூர் ஆட்களை வைத்தே முடிந்திருந்தது. கொடிக்கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அரைப் படி பிற்பாடு அதிகாரிகள் பேசி வைத்த ராசியில் கிடைத்தது. அந்த நெல் எங்கள் வீட்டில் கொதிக்கும்போது அப்பா திருச்சி ஜெயிலில் இருந்தார். திரும்பி வந்தவர் என் அப்பா மாதிரி இல்லை. சாகும் வரை யார் பேச்சையும் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். உழைப்பாளி பயில்வானைச் சில வருஷம் கழித்து ஒரு நோட்டீஸில் பார்த்தேன். மிராசு வேஷத்துக்கு வேறு ஆள் பிடித்துவிட்டார்கள்.

அதெல்லாம் பிறகு. அந்தக் காலையில் கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஆட்கள் சுற்றி நின்று காத்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் எண்ணி முடிக்கட்டும் என்பது போல. தினமும் எழுந்திருக்கிற ஆள்தானே. அதற்குள் ரோட்டில் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. பனி விலகி, லாரி வந்த வழியே திரும்பிப் போவது எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா கம்பைக் கீழே போட்டார்.

“பயில்வான், எந்திரிங்க” என்றார். “போதும், எந்திரிங்க.”

பிறகு வாய்க்கால் கரையைப் பார்த்துக் கத்தினார். “அந்தப் புள்ளயக் கூட்டியா! முதுகுல பிடிச்சுக்கிட்டிருக்கு, அதான் எந்திரிக்க முடியல. சீக்கிரம் கூட்டியா!”

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினாள். எல்லோரும் விலகி வழி விட்டார்கள். அம்மா குனிந்து எப்போதும்போல என் தண்டையைக் கழற்றினாள். அது நழுவி நெல்லுக்குள் விழுந்தது. யாரும் தேடவில்லை. நான் அவர் முதுகில் பாதத்தை வைத்தேன். சூடு இருந்தது. அந்த மேடு பள்ளமெல்லாம் எனக்குப் பழக்கமானவைதான். மேலிருந்து கீழே மூன்று முறை நீவினேன். ஒரு மேட்டிலும் உடம்பு இறுகவில்லை.

நான் காலை எடுத்தேன். அப்பா சேற்றில் மண்டி போட்டு என் காலை இரண்டு கையாலும் பிடித்துத் திரும்பவும் அவர் முதுகில் கொண்டுபோய் வைத்தார்.

“இன்னொரு தடவ மிதிம்மா” என்றார்.